கோவலனிடம் கேட்காத கேள்வி

1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னையில் அச்சான நான்கு ஆங்கிலச் சிறுநூல்களின் பெயர்களைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘லியர் அரசனும் இந்திய அரசியலும்’, ‘மெக்பெத்தும் ஆன்மாக்களின் அழிவும்’, ‘ஹாம்லெட்டும் வாழ்வின் விரயமும்’, ‘ஒதெல்லோவும் குணத்தின் சிதைவும்’. எழுதியவர் வில்லியம் மில்லர். ஸ்காட்லாந்திலிருந்து வந்து சென்னைக் கிறித்தவக் கல்லூரியைப் பெயர்பெற்ற கல்லூரியாக வளர்த்தெடுத்த முதல்வர். ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களைப் பற்றி ஏ.சி. பிராட்லி எழுதிய புகழ்பெற்ற நூல் லண்டனில் வெளிவந்தது 1904-இல். பாரிமுனைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அதே நாடகங்களைப் பாத்திரம், கருப்பொருள் என்று பகுத்துப் பேசும் வேலை அதற்கும் முன்பே நடந்துகொண்டிருந்தது.

அந்தக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கு இடம் மாறியது. இன்று சிட்லபாக்கத்திலிருந்து சில கிலோமீட்டர் போனால், கிழக்குத் தாம்பரத்தில் மரங்கள் அடர்ந்த அதன் வளாகம் வந்துவிடும். சிட்லபாக்கம், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குக் கல்லூரி என்றால் முதலில் நினைவுக்கு வருவதும் அதுதான். இலக்கியம் படிக்கப் போகிறவர்கள், அங்கே போனாலும் வேறெங்கே போனாலும், முதல் ஆண்டிலேயே ஒரு சுவரில் முட்டிக்கொள்கிறார்கள். அந்தச் சுவரைப் பற்றியும், மில்லரின் தலைப்புகள் அதைத் தாண்டக் காட்டும் வழியைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

அந்தத் தலைப்புகளின் அமைப்பைப் பாருங்கள். ஒரு பக்கம் ஒரு மனிதன், மறுபக்கம் ஒரு பெரிய விஷயம். மனிதன் பாத்திரம், விஷயம் கருப்பொருள். இரண்டும் எப்படி இணைகின்றன, எதனால் எது விளைந்தது என்பது தலைப்பில் இல்லை. அதைச் சொல்லி நிறுவுவதுதான் நூலின் வேலை. தமிழ்த்துறை ஆய்வேடுகளின் முன்னுரையில் ஆய்வு நோக்கம், ஆய்வு எல்லை, முன்னாய்வுகள் என்ற வரிசையில் ‘கருதுகோள்’ என்று ஓர் உட்தலைப்பு கட்டாயம் இருக்கும். இந்த இணைப்பைச் சொல்ல வேண்டிய இடம் அதுவே. பெரும்பாலான ஆய்வேடுகளில் அந்த இடத்தில் இருப்பதோ மறுக்கவே முடியாத ஒரு வாக்கியம். ‘சிலப்பதிகாரத்தில் அறக்கருத்துகள் மிகுதியாகக் காணப்படுகின்றன’ என்பது போல. யாரும் மறுக்கப் போவதில்லை. அதனால் நிறுவவும் எதுவுமில்லை. மாணவர்கள் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான்.

பள்ளிக்கூடத்திலேயே இந்தப் பழக்கம் தொற்றிக்கொள்கிறது. ‘கோவலனின் பாத்திரப் படைப்பை விளக்குக’ என்று கேள்வி வரும். செல்வக்குடிப் பிறப்பு, கலை ஈடுபாடு, வள்ளன்மை, மாதவி மீது மயக்கம், மனம் திருந்தல், ஊழால் இறத்தல் என்று கைடில் ஆறு உட்தலைப்புகள் இருக்கும். மனப்பாடம் செய்தால் மதிப்பெண் உறுதி. ஆனால் இந்த ஆறில் எது எதற்குக் காரணம்? வள்ளலாக இருந்ததற்கும் வெட்டுப்பட்டுச் செத்ததற்கும் தொடர்பு உண்டா? கைடு அதைக் கேட்பதில்லை. மளிகைச் சீட்டைப் போன்ற பட்டியல் அது. வரிசையை மாற்றிப் போட்டாலும் ஒன்றும் கெடாது. கருதுகோளில் வரிசையை மாற்றினால் எல்லாம் கெட வேண்டும்.

மில்லர் முதல்வராக இருந்த காலத்தில் அதே கல்லூரியில் தமிழ் கற்பித்தவர் பரிதிமாற் கலைஞர் என்ற வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார். 1897-இல் ‘நாடகவியல்’ என்று தமிழ் நாடகத்துக்கு ஓர் இலக்கணம் எழுதினார். வடமொழி நாடக மரபையும் ஆங்கில நாடக மரபையும் அருகருகே வைத்துப் பார்த்த நூல் அது. ஒரே கட்டடத்தில் ஒருவர் ஷேக்ஸ்பியரைப் பிரித்துப் பார்க்கிறார், இன்னொருவர் தமிழில் நாடகம் எப்படி இருக்க வேண்டும் என்று விதி வகுக்கிறார். இருவரும் கையில் எடுத்திருந்த கருவிகளைத் தமிழின் மிகப் பெரிய துன்பியல் கதையின் மேல் வைத்துப் பார்த்தால் என்ன கிடைக்கும்? உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த சிலப்பதிகாரம் வெளிவந்து (1892) பத்தாண்டுகூட ஆகாத நேரம் அது.

சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. கருதுகோளைத் தானே முன்வைத்துவிட்டுத் தொடங்கும் நூல் அது. பதிகம் மூன்று உண்மைகளை அறிவிக்கிறது: அரசு நடத்துவதில் தவறியவர்களுக்கு அறமே எமனாகும், புகழ் வாய்ந்த பத்தினியை உயர்ந்தோர் போற்றுவர், ஊழ்வினை உருக்கொண்டு வந்து தன் பயனை ஊட்டும். இந்தப் பதிகம் இளங்கோ எழுதியதா, பின்னால் வந்தவர் யாராவது சேர்த்ததா என்ற ஐயம் ஆய்வாளர்களுக்கு உண்டு. யார் எழுதியிருந்தாலும் அது ஒரு வாசகரின் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்வது நல்லது. முதல் தீர்ப்பு என்பதாலேயே அது சரி என்று ஆகிவிடாது.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றோடொன்று இடிக்கின்றன. ஊழ்தான் எல்லாவற்றையும் நடத்தியது என்றால் பாண்டியன் தவறியதாகச் சொல்வதில் பொருளில்லை. அவன் ஊழின் கைக்கருவி, அவ்வளவே. பாண்டியன் தவறினான் என்றால், அவன் வேறுவிதமாக நடந்திருக்க முடியும் என்று ஒத்துக்கொண்டதாகும். அப்போது ஊழின் பிடி தளர்கிறது. இந்த இடிப்பைத் தேர்வுத்தாள்கள் கண்டுகொள்வதில்லை. ‘மூன்று உண்மைகளையும் நிலைநாட்டுகிறார்’ என்று எழுதி அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். கதாபாத்திரம் என்ற சொல்லுக்கே இந்த மூன்று உண்மைகளில் வேலையில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. மூன்றுமே கருப்பொருள்கள். மில்லரின் தலைப்புகளில் இருக்கும் ‘மனிதன்’ என்ற பாதி இங்கே காலியாக இருக்கிறது. அதை நிரப்புவது வாசிப்பவர் வேலை.

கோவலனிடமிருந்து தொடங்கலாம். எல்லோர் வாயிலும் இருக்கும் கருதுகோள் ஒன்று உண்டு: மாதவி மயக்கத்தால் கோவலன் அழிந்தான். பாத்திரம் இருக்கிறது, கருப்பொருள் இருக்கிறது, காரணமும் இருக்கிறது. அமைப்பில் குறையில்லை. ஆனால் கதையின் கால வரிசையில் வைத்துப் பார்த்ததும் இது தள்ளாடுகிறது. கோவலன் சாகும்போது மாதவியை விட்டு வந்து பல நாளாகிவிட்டது. கடற்கரையில் யாழோடு பாடிய பாட்டில் சந்தேகம் முளைத்து, அன்றே அவளைப் பிரிந்துவிட்டான். மதுரைக்குப் போகும் வழியில் அவளுடைய கடிதம் வருகிறது. படித்துவிட்டு, அவள்மேல் குற்றமில்லை, குற்றம் என்னுடையதே என்கிறான். மயக்கம் தெளிந்து, பிழையை ஒத்துக்கொண்ட மனிதனைத்தான் மதுரை கொல்கிறது. மயக்கம் கொன்றது என்றால் தெளிந்தவனை ஏன் கொன்றது?

மாதவியை முழுக்க விட்டுவிடவும் முடியாது. சொத்து கரைந்தது அவள் வீட்டில் இருந்த காலத்தில்தான். எனவே கருதுகோளைத் தூக்கி எறிய வேண்டாம், ஒரு படி நகர்த்தினால் போதும். புகாரில் வீடு திரும்பிய கோவலன் கண்ணகியிடம் பேசும் இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். பிரிந்திருந்ததற்கு வருந்துவதைவிட, முன்னோர் தேடிவைத்த மலையளவு செல்வத்தைத் தொலைத்துவிட்டதற்கே அவன் அதிகம் வருந்துகிறான். வறுமை வெட்கத்தைத் தருகிறது என்கிறான். கண்ணகியோ, மாதவிக்குக் கொடுக்கப் பணமில்லாமல் வந்திருக்கிறான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே சிலம்பை எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள். கணவன் மனைவிக்கு நடுவே இத்தனை இடைவெளியை இத்தனை சிக்கனமாகக் காட்டிய காட்சி தமிழில் வேறு இருக்கிறதா என்பது ஐயமே. அவன் சிலம்பை வாங்கியதும் சொல்வது வியாபாரிப் பேச்சு: இதை முதலாக வைத்து, விட்டதைப் பிடிப்பேன், மதுரைக்குப் போவோம்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இங்கே கைகொடுக்கிறது. அழுகை என்ற மெய்ப்பாட்டுக்கு அது நான்கு காரணங்கள் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதாவது பிறரால் தாழ்வுபடுவது, இழப்பது, நிலை குலைவது, இல்லாமல் போவது. அரிஸ்டாட்டிலின் கவிதையியலைப் புரட்டுவதற்கு முன் தமிழ் மாணவர் புரட்ட வேண்டிய பக்கம் இது. அரிஸ்டாட்டில் துன்பியல் நாயகன் ஒரு பிழையால் விழுகிறான் என்கிறார். எந்த மாதிரியான வலி அவனை அந்தப் பிழைக்குத் தள்ளுகிறது என்று பிரித்துக் கேட்கத் தொல்காப்பியப் பாகுபாடு உதவுகிறது. கோவலனைத் தள்ளுவது வறுமையும் அதனால் வரும் இளிவும். கண்ணகியைப் பின்னால் எழ வைப்பது இழவு. இருவரின் துயரமும் ஒரே இனத்தைச் சேர்ந்ததல்ல. கதையின் இரண்டு பாதிகள் இரண்டு வேகத்தில் ஓடுவதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைப்பது அரிது.

இப்போது கருதுகோள் இப்படி மாறுகிறது: வணிகனுக்கே உரிய வறுமை வெட்கம், கோவலனைத் தன்னை அறிந்த ஊரிலிருந்து அறியாத ஊருக்குத் துரத்துகிறது. இது முந்தையதைவிட மேல். காரணம், அது மாதவி வீட்டையும் மதுரை வீதியையும் ஒரே கயிற்றில் கட்டுகிறது. புகாரில் அவன் மாசாத்துவான் மகன். கடைவீதியில் அவனைத் தெரியாதவர் இருக்க மாட்டார். மதுரையில் அவன் யாருமில்லை. கடைத்தெருவைச் சுற்றிப் பார்க்கிறான். மணிகளின் குற்றம் குணம் அறிந்தவர்கள், நால்வகைப் பொன்னையும் இனம் பிரித்துக் கொடி கட்டி விற்பவர்கள் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். மறுநாள் சிலம்போடு நகருக்குள் வரும்போது அவன் எதிரில் வருவதோ, நூறு கொல்லர்கள் பின்தொடர நடந்து வரும் அரண்மனைப் பொற்கொல்லன். அரசியின் காலுக்கு ஏற்ற சிலம்பு ஒன்றுக்கு விலை மதிக்க முடியுமா என்று இவன் கேட்கிறான். அரசியின் சிலம்பைத் திருடியவனிடமே அந்தக் கேள்வி போய்ச் சேர்கிறது.

இந்தச் சந்திப்பு வருவது கொலைக்களக் காதையில். கருதுகோளின் எலும்பும் அங்கேதான் அகப்படுகிறது. பொற்கொல்லன் அரண்மனைக்குப் போகும் நேரம் பார்த்து, ஆடல் மகளிரை அரசன் ரசித்ததால் ஊடி, தலைவலி என்று சொல்லி உள்ளே போன அரசியைச் சமாதானப்படுத்த அரசன் விரைந்து கொண்டிருக்கிறான். கோவலனே கள்வன் என்ற பொற்கொல்லனின் குற்றச்சாட்டை வழியிலேயே நின்று கேட்கிறான். காவலரை அழைத்து, சிலம்பு அவன் கையில் இருந்தால் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டு வாருங்கள் என்கிறான். இதைப் பெரும்பாலோர் அரசனின் அவசரம் என்பார்கள். சரிதான், ஆனால் அவசரம் என்பது ஒரு குணம் மட்டுமே. அது வாதமாவதற்கு, அவசரத்தில் அவன் எதைச் செய்யாமல் விட்டான் என்று சொல்ல வேண்டும்.

விட்டது விசாரணையை. அந்த விசாரணை நடக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. தவறான இடத்தில், தவறான ஆளால் நடக்கிறது. காவலர்கள் கோவலனைப் பார்த்ததும் தயங்குகிறார்கள். உடலமைப்பைப் பார்த்தால் இவன் கொலைத் தண்டனைக்கு உரியவன் போலத் தெரியவில்லையே என்கிறார்கள். உடனே பொற்கொல்லன் சிரித்தபடி ஒரு பிரசங்கம் செய்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி ஆகிய எட்டும் கள்வர்களுக்குத் துணை என்கிறான், ஒவ்வொன்றையும் விளக்குகிறான். குற்றம் சாட்டியவனே இங்கே சாட்சி, அவனே நிபுணன், ஏறக்குறைய அவனே நீதிபதி. காவலர்களில் ஓர் இளைஞன் தானும் கேட்ட, கண்ட திருட்டுக் கதை ஒன்றைச் சொல்லிச் சேர்ந்துகொள்கிறான். பேச்சு நீண்டுகொண்டிருக்கும்போதே கல்வியறிவற்ற, குடித்திருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். இத்தனை நேரத்திலும் கோவலனை ஒருவரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. நீ யார், எந்த ஊர், இந்தச் சிலம்பு எப்படி வந்தது, இதன் இன்னொரு ஜோடி எங்கே? அருகிலேயே நிற்கும் அவனைப் பற்றி அவனைத் தவிர எல்லோரும் பேசுகிறார்கள்.

இதை வைத்துக்கொண்டு வழக்குரை காதைக்குப் போனால், அரசன் வாயில் வரும் முதல் கேள்வி திடுக்கிட வைக்கும். கண்ணீரோடு வந்து நிற்கும் கண்ணகியிடம், நீ யார் என்கிறான். கணவனிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி தாமதமாக மனைவியிடம் வருகிறது. அவளும் அதற்குத்தான் பதில் சொல்கிறாள். ஆராயாத அரசனே என்று அழைத்துவிட்டு, தன் ஊரைச் சொல்கிறாள். புறாவுக்காகத் தன் உடலைக் கொடுத்தவனும் பசுவுக்காகத் தன் மகனைத் தேர்க்காலில் இட்டவனும் ஆண்ட புகார். பிறகு கணவனின் குடி, பெயர், மதுரைக்கு வந்த காரணம், இறுதியாகத் தன் பெயர். ஓர் அடையாள அட்டையை நிரப்புவதுபோல் ஒழுங்காக வருகின்றன விவரங்கள். துயரத்தில் தலைவிரி கோலமாக நிற்பவள் பேசும் பேச்சாக இதைப் பார்த்தால் வியப்பாகத்தான் இருக்கும். அன்று யாரும் கேட்காத விசாரணைக்கான விடைத்தாள் இது என்று பார்த்தால் ஒவ்வொரு சொல்லும் இடத்தில் பொருந்துகிறது.

அரசன் இன்னும் அசையவில்லை. கள்வனைக் கொல்வது கொடுங்கோலாகாது, அரசனின் கடமைதான் என்கிறான். இந்த இடத்தில் அவனை வெறும் வில்லனாக்கிப் படிப்பவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். விதி என்ற அளவில் அவன் சொல்வது பிழையில்லை. பிழை, விதிக்கு அடியில் இருக்க வேண்டிய உண்மையில். கண்ணகியும் விதியை மறுப்பதில்லை. என் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கம் என்கிறாள். எங்களுடையதில் முத்து என்கிறான் அவன். அவ்வளவுதான் வழக்கு. உடைத்ததும் மாணிக்கப் பரல் அரசன் முகத்தருகே தெறிக்கிறது. நான் அரசனில்லை, நானே கள்வன் என்று சொல்லி விழுந்து இறக்கிறான்.

கிரேக்க நாடகமான அந்திகொனேயில் ஓர் இளம்பெண் அரசன் கிரெயோனுக்கு எதிரே நிற்கிறாள். அங்கே மோதுவது இரண்டு சட்டங்கள். ஹெகல் அதை இரண்டு நியாயங்களின் மோதல் என்று வாசித்தார். அந்த வாசிப்பைச் சிலம்புக்குக் கடன் வாங்கினால் ஒட்டாது. இங்கே மோதுவது இரண்டு நியாயங்கள் இல்லை. சட்டம் ஒன்றே. தெரிந்துகொள்ளாமல் தீர்த்த ஒருவனும், தெரிவிக்க வந்த ஒருத்தியும். கிரெயோன் கடைசிவரை உயிரோடு இருந்து வருந்துகிறான். பாண்டியன் தெரிந்துகொண்ட நொடியைத் தாண்டி வாழவில்லை.

ஆகவே கருதுகோள் இப்போது இந்த வடிவத்துக்கு வருகிறது: சிலப்பதிகாரத்தின் துன்பியல், தன்னை அறிந்தவர் இல்லாத ஊரில் ஒரு வணிகன் கேள்வி கேட்கப்படாமலே தண்டிக்கப்படுவதில் பிறக்கிறது, கோவலனின் வெட்கம் அவனை அந்த நிலைக்குக் கொண்டு சேர்க்கிறது, பாண்டியனின் அவசரம் கேள்வியை விழுங்குகிறது, கண்ணகி அந்தக் கேள்வியாகவே அவைக்கு வருகிறாள். மூன்று பாத்திரங்கள், ஒரே கருப்பொருள், நடுவில் காரணம். மறுக்க விரும்புபவருக்குப் பிடிகொடுக்கவும் செய்கிறது. கருதுகோளுக்கு அதைவிட நல்ல சான்றிதழ் இல்லை.

மறுப்பவர் முதலில் எடுப்பது ஊழைத்தான். நூலே பல இடங்களில் சொல்கிறதே: கடற்கரையில் பிரியும்போதும் ஊழ், அரசன் ஆணையிடும்போதும் வினை விளையும் காலம். பின்னால் மதுராபதித் தெய்வம் வந்து கண்ணகிக்கு முற்பிறப்புக் கதையையே சொல்லிவிடுகிறது. இதற்குமேல் விசாரணை பற்றிப் பேசுவது இருபதாம் நூற்றாண்டு மனதைப் பழைய காப்பியத்தில் திணிப்பது ஆகாதா? வலுவான எதிர்வாதம். இதைக் கண்டுகொள்ளாமல் எழுதும் கட்டுரை கட்டுரையே அல்ல. பிராட்லிக்கும் இப்படியொரு எதிர்வாதம் வந்தது. லேடி மெக்பெத்துக்கு எத்தனை குழந்தைகள் என்று எல்.சி. நைட்ஸ் 1933-இல் கிண்டலாகத் தலைப்பு வைத்து, பாத்திரங்களை நிஜ மனிதர்களாக்கி ஆராய்வதைச் சாடினார். நூலில் இருப்பதை வைத்துப் பேசு என்பது அவர் சொன்னதன் சாரம்.

நூலில் இருப்பதையே வைத்துப் பேசுவோம். கட்டுரை காதையில் மதுராபதி சொல்லும் முற்பிறப்புக் கதை என்ன? கலிங்க நாட்டில் சிங்கபுரம், கபிலபுரம் என்று இரு நகரங்கள், பகை கொண்ட இரு அரசர்கள். சங்கமன் என்ற வணிகன் மனைவி நீலியோடு, தன்னை மறைத்துக்கொண்டு, சிங்கபுரத்துக் கடைத்தெருவுக்கு நகை விற்க வருகிறான். அரசனிடம் வேலை பார்த்த பரதன் என்பவன் அவனைப் பிடித்து, பகைவரின் ஒற்றன் என்று அரசனுக்குக் காட்டிக் கொல்லச் செய்கிறான். நீலி பதினான்கு நாள் புலம்பி, மலையேறி, எங்களுக்கு இதைச் செய்தவன் இதையே அனுபவிக்கட்டும் என்று சபித்து உயிர்விடுகிறாள். அந்தப் பரதன்தான் கோவலன்.

அந்நிய ஊர், நகை விற்க வந்த வணிகன், அரச ஊழியன் ஒருவனின் பொய்க் குற்றச்சாட்டு, கேள்வியில்லாத கொலை, தெருவில் அழும் மனைவி. ஊழ் என்று சொல்லப்படும் கதையின் உள்ளே இருப்பது அதே வழக்குதான். ஊழ் வந்து விசாரணை என்ற கருப்பொருளை அழித்துவிடுகிறது என்பது மேலோட்டமான பார்வை. ஊழ் அதை இன்னொரு பிறவிக்கும் நீட்டுகிறது. கோவலன் அன்று பொற்கொல்லனின் இடத்தில் நின்றிருக்கிறான் என்பதுதான் அந்தக் கதை தரும் புதுச்செய்தி. இங்கே நம் கருதுகோளும் கொஞ்சம் வளைய வேண்டும். கோவலனை வெறும் பலியாளாக அது வைத்திருந்தது, காப்பியம் அப்படி வைக்கவில்லை.

அதே காதையில் அதே தெய்வம் மூன்றாவதாக ஒரு வழக்கையும் சொல்கிறது. தங்கால் என்ற ஊரில் வார்த்திகன் என்ற அந்தணனின் சிறு மகன் மறையோதும் அழகுக்கு மகிழ்ந்து, வழிப்போக்கர் ஒருவர் நகைகளைக் கொடுத்துவிட்டுப் போகிறார். பையன் நகை அணிந்திருப்பதைப் பார்த்த அரச அலுவலர்கள், புதையல் எடுத்து ஒளித்தான் என்று தந்தையைச் சிறையில் அடைக்கிறார்கள். மனைவி கார்த்திகை கதறுகிறாள். கொற்றவை கோயில் கதவு மூடிக்கொள்கிறது. என்ன குறை நடந்தது என்று பாண்டிய மன்னன் விசாரிக்கிறான், உண்மை தெரிகிறது, வார்த்திகனை விடுவித்து மன்னிப்புக் கேட்டு ஊர்களைக் கொடுக்கிறான். கோவலன் வழக்கின் கண்ணாடிப் பிம்பம். இங்கே கேள்வி கேட்கப்பட்டது, மனிதன் பிழைத்தான். பாண்டியர் குடியின் பெருமை சொல்லவந்த கிளைக்கதை என்று இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நகை, பொய்க்குற்றம், அலுவலர், அழும் மனைவி என்ற நான்கும் ஒரே காதைக்குள் இரண்டு முறை வருவது தற்செயலாகப் படவில்லை.

மக்கள் நினைவும் இந்தக் காட்சியையே பற்றிக்கொண்டிருக்கிறது. மட்டக்களப்புப் பகுதியில் கண்ணகி அம்மன் கோயில்கள் வைகாசியில் திறந்து சடங்கு நடத்தும்போது பாடப்படும் காவியத்துக்குப் பெயர் ‘கண்ணகி வழக்குரை’. முழுக் கதைக்கும் ஒரு வழக்கின் பெயர். முடிவில் நடக்கும் குளிர்த்திச் சடங்கு அவள் சினத்தை ஆற்றுவது. தமிழ்நாட்டில் 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் நிறுத்திய சிலையும், 2001-இல் அகற்றப்பட்டு 2006-இல் மீண்டும் வைக்கப்பட்டபோதும், கையில் சிலம்போடு வாதாடும் கண்ணகிதான். ம.பொ.சி. சிலம்பைத் தமிழினத்தின் காப்பியமாக மேடைமேடையாக நிறுத்தினார். ‘பூம்புகார்’ திரைப்படம் (1964) தன் வழியில் ஒரு வாசிப்பு. சிலையும் படமும் விழாவும் எல்லாம் கருதுகோள்களே. அடிக்குறிப்பு இல்லை, அவ்வளவுதான்.

இன்னும் மிச்சமிருப்பவை இரண்டு. ஒன்று வஞ்சிக் காண்டம். செங்குட்டுவன் இமயம் சென்று கல்லெடுத்து, கங்கையில் நீராட்டி, கண்ணகிக்குக் கோயில் எடுக்கும் பகுதி. துன்பியல் என்று பேசத் தொடங்கிய எவருக்கும் இது நெருடும். பதிகத்தின் இரண்டாவது உண்மை, அதாவது பத்தினியைப் போற்றுவது, இங்கேதான் கால் பதிக்கிறது. நம் கருதுகோள் இந்தக் காண்டத்தைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் சொல்வதில்லை என்று வெளிப்படையாக எழுதிவிடுவது நேர்மை. எல்லையைக் குறித்துவிட்ட வாதத்தை வீழ்த்துவது, எல்லாவற்றையும் விளக்குவதாகச் சொல்லும் வாதத்தை வீழ்த்துவதைவிடக் கடினம்.

மற்றது இன்னும் சங்கடமானது. விசாரணை கேட்டு வந்த கண்ணகி, மதுரையை எரிக்கிறாள். அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் மட்டும் போ என்று தீக்கடவுளுக்குச் சொல்கிறாள். பட்டியல் இருக்கிறது, ஆளுக்கு ஆள் கேள்வி இல்லை. அதன் பிறகு பாண்டிய நாடு மழையின்றி வறண்டு நோயுற்றபோது, கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்குச் சாந்தி செய்வதற்காகப் பொற்கொல்லர் ஆயிரம் பேரைப் பலி கொடுக்கிறான். திருடியது ஒருவன். அவன் தொழிலைச் செய்ததைத் தவிர இந்த ஆயிரம் பேர் செய்த குற்றம் என்னவென்று நூல் சொல்வதில்லை. அவர்களிடமும் யாரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. பலிக்குப் பின் மழை பெய்து நாடு செழித்தது என்று உரைபெறு கட்டுரை அமைதியாகப் பதிவு செய்கிறது.

இந்தச் செய்தி எங்கோ கடைசியில் ஒளிந்து கிடக்கவில்லை. பதிகத்தை அடுத்து, புகார்க் காண்டம் தொடங்கும் முன்பே, உரைநடையில் வைக்கப்பட்டிருக்கிறது. மூன்று உண்மைகளைப் படித்த கண் அடுத்ததாகப் படிப்பது இதைத்தான். கேட்கப்படாத கேள்விதான் இந்தக் காப்பியத்தின் துன்பியல் என்று வாதிடப் போகும் மாணவர், இந்த ஆயிரம் பேரைத் தன் வாதத்துக்கான கடைசிச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம். காப்பியம் தன் கேள்வியைத் தானே மறந்துவிட்டதற்கான சான்றாகவும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டில் எதை எழுதினாலும், முதல் பத்தியிலேயே எழுத வேண்டியிருக்கும்.